ஜகாத்து என்று எழுதிய வண்டி

1961

பிப்ரவரி 3, வெள்ளி

இன்று மூன்றாம் முறையாகக் கலீமுல்லா சாகிபின் தோல் ஷெட்டுக்குப் போய் வந்தேன். குமாஸ்தா பெஞ்சைக் காட்டினார். ஒன்றரை மணி நேரம். ஆவாரம்பட்டை ஊறும் வாடை புடவையில் ஏறிவிட்டது. தலைக்குக் குளித்தும் போகவில்லை. "சாகிப் மெட்ராஸ் போய்ட்டார்மா, அடுத்த வாரம் பாருங்க" என்றார் குமாஸ்தா. உள்ளே சாகிப் இருமும் சத்தம் எனக்கும் கேட்டது, அவருக்கும் கேட்டது. இருவரும் கேட்காதது போல எழுந்துகொண்டோம்.

எனக்காகக் கேட்கவில்லை என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் அந்த பெஞ்சில் உட்காரும்போது உடம்பு சுருங்குகிறது.

கேட்பது திரை போட்ட ஒரு குதிரை வண்டி. அவ்வளவுதான். ரஃபத் ஜஹான் வீட்டு முன்னறையில் மாலை வகுப்பு நடந்தவரை வண்டி தேவைப்படவில்லை. சுந்தரி ஒருத்தியைத் தவிர எல்லாம் அந்தச் சந்துப் பெண்கள். அவள் தையலும் உருதுவும் சொல்லிக்கொடுப்பாள், நான் தமிழும் கணக்கும். நவம்பர் மழையில் அந்த அறையின் சுவர் விழுந்தது. என் வீடு ஸ்டேஷன் பக்கம். வயசுக்கு வந்த பெண்களைப் பஜார் வழியாக நடத்தி அனுப்ப எந்த வீட்டிலும் சம்மதிக்கவில்லை. பன்னிரண்டு பேரில் சுந்தரி ஒருத்திதான் நடந்து வருகிறாள். மற்ற பதினொரு பேரும் மூன்று மாதமாக வீட்டோடு இருக்கிறார்கள்.

மற்றவர்கள் காத்திருக்கலாம். பக்ருன்னிசாவால் முடியாது. உருதுப் பள்ளியில் ஐந்தாவதோடு நின்றவள். இரண்டே வருஷத்தில் அ, ஆவிலிருந்து தொடங்கி எட்டாவது அரசாங்கப் பரீட்சைக்கு வந்து நிற்கிறாள். மனு போட்டாயிற்று. ஏப்ரல் பத்தாம் தேதி பரீட்சை. அவள் அப்பா மஹ்மூத் சாகிப் பஜாரில் புத்தகம் பைண்டு செய்கிறவர். இந்த ஒரு வருஷம்தான் என்று சொல்லிவிட்டார். தேறினால் ஆசிரியைப் பயிற்சி. இல்லாவிட்டால் நிக்காஹ்.

இன்னும் அறுபத்தாறு நாள். அவளுக்குப் பின்னக் கணக்கு இன்னும் வரவில்லை.

பிப்ரவரி 9, வியாழன்

பதில் இல்லை. சாகிப் இன்னும் மெட்ராஸிலிருந்து வரவில்லையாம். காரில் போவதைப் பார்த்தேன்.

பிப்ரவரி 18, சனி

நோன்பு மாதம் பிறந்துவிட்டது. இனி இந்த மாதம் முழுக்க யாரையும் பார்க்க முடியாது என்று பயந்துகொண்டேதான் போனேன். ஷெட் வாசலில் நீளமாக வரிசை. கிழவிகள், கைக்குழந்தைக்காரிகள், கால் இல்லாத ஒருவர். "இன்னா கூட்டம்?" என்று காவல்காரரைக் கேட்டேன். "ஜகாத் குடுக்கறாங்கம்மா. வருஷத்துக்கு ஒரு தரம். சம்பாரிச்சதுல ஏழைக்குன்னு ஒதுக்கறது" என்றார்.

இன்று குமாஸ்தா என்னை உட்காரச் சொல்லவில்லை. நேரே உள்ளே அனுப்பினார். சாகிப் தலை நிமிராமலே, "வண்டிதானேம்மா? நம்ம வீட்டு வண்டி ஒண்ணு சும்மாதான் நிக்குது. எடுத்துக்கங்க. குதிரைக்குப் புல்லு நம்ம பொறுப்பு" என்றார். அவ்வளவுதான். நான் கொண்டுபோன நான்கு பக்க விண்ணப்பத்தைப் படிக்கவும் இல்லை.

வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். நாற்பத்து நாலு வயசில் பஜார் நடுவில் அழுதுகொண்டு போகிறவளை ஊர் என்ன நினைக்கும்? நினைக்கட்டும்.

பிப்ரவரி 22, புதன்

வண்டி வந்தது. நல்ல வண்டி. பின்பக்கம் கெட்டித் திரை, உள்ளே மெத்தை.

கொடுத்தவர் பெயர் வண்டியில் இருந்தால் மற்ற ஷெட்காரர்களும் பார்ப்பார்கள். ஒருவர் தையல் மிஷின் கொடுக்கலாம், ஒருவர் இடம் கொடுக்கலாம். இப்படி யோசித்துத்தான் போர்டு எழுதும் கன்னியப்பனை வரவழைத்தேன். என் வீட்டுக்காரர் ஸ்டேஷனுக்குக் கிளம்பிக்கொண்டே, "நன்றி சொல்லணும்னா சாகிப்கிட்டப் போய் வாயால சொல்லு, அமிர்தம். வண்டிக்கு எதுக்குப் பட்டை நாமம்?" என்றார். கூட்ஸ் கிளார்க்குக்கு எல்லாம் வேடிக்கைதான்.

'தர்மம்' என்று போடலாமா என்று யோசித்தேன். அது நம் பக்கத்து வார்த்தையாக இருக்கிறது. அவர் மதத்து வார்த்தையில் போட்டால்தான் மரியாதை என்று பட்டது. வாசலில் கேட்ட சொல் நினைவுக்கு வந்தது; ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். "கடைசி எழுத்து 'த்'துல நிறுத்தறதா 'து'ல முடிக்கறதாம்மா?" என்று கேட்டான் கன்னியப்பன். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது, உகரம் சேர்த்து எழுது என்றேன். 'ஜனாப் கலீமுல்லா சாகிப் அவர்களின் ஜகாத்து. பெண்கள் மாலை வகுப்பு, ஆம்பூர்.' இரண்டு பக்கமும் மஞ்சள் எழுத்து. அழகாக விழுந்திருக்கிறது.

பிப்ரவரி 25, சனி

இரண்டு நடையில் பதினொரு பேரும் வந்தார்கள்! முன்னறையில் கால் வைக்க இடமில்லை. நோன்புக் களைப்பிலும் என்ன சிரிப்பு, என்ன சத்தம். ரஃபத் ஜஹான் மூன்று தரம் அதட்டினாள்.

பக்ருன்னிசா கடைசியில் இறங்கினாள். வண்டியின் பக்கவாட்டைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். "இல்ல டீச்சர்" என்றாள். சொல்வதெழுதுதலில் ஒரு பிழை இல்லை.

பிப்ரவரி 27, திங்கள்

வண்டி காலியாக வந்தது.

வண்டிக்காரரைக் கேட்டேன். ஒவ்வொரு வாசலிலும் நிறுத்திக் குரல் கொடுத்தாராம். ஒரு வாசலிலும் திரை விலகவில்லையாம். ரஃபத் ஜஹானும் வரவில்லை. சுந்தரியை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பின்னக் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு அவளுக்கு வேண்டியதே இல்லை.

என்ன ஆயிற்று? நோன்பா? யாராவது இறந்துவிட்டார்களா?

பிப்ரவரி 28, செவ்வாய்

ரஃபத் ஜஹானைத் தேடிப் போனேன். அவள் நாத்தனார் வீட்டில் ஒரு மூலையில் இருக்கிறாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அக்கா, வண்டில இன்னா எழுதினீங்க?" என்றாள். சொன்னேன். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. ரோட்டில் போகிறவர்கள் சிரிப்பது ஏன் என்று சனிக்கிழமை முழுக்க அவளுக்குப் புரியவில்லையாம்.

"யா அல்லா! ஜகாத்னு எழுதிட்டு அதுல எங்க பொண்ணுங்கள ஒக்கார வெச்சீங்களா? ஊருக்கே காட்டி இட்டுனு வந்தீங்களா? பிச்ச எடுக்கறதுங்கன்னு போர்டு போட்ட மாதிரி அக்கா. வாங்கறவங்களே ராத்திரில முக்காடு போட்டுனு போயி வாங்குவாங்க. குடுக்கறவனும் வாயத் தொறக்கமாட்டான்."

"எனக்குத் தெரியாது, ரஃபத்."

"கேக்கலாம் இல்ல? நான் அங்கயேதான ஒக்காந்து தெச்சுக்கினு இருந்தேன்?"

ஆமாம். கன்னியப்பன் சொல்லின் முடிவைக் கேட்டபோது அவள் என்னிடமிருந்து இரண்டு முழ தூரத்தில் பாவாடைக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள். உகரம் சேர்ப்பதா என்று யோசித்தவளுக்கு அர்த்தம் கேட்கத் தோன்றவில்லை. பி.ஏ.!

மார்ச் 1, புதன்

மஹ்மூத் சாகிப் வீடு. முன்புறமே கடை. பசைக் கிண்ணம், நூல், குவிந்த ஏடுகள். என் பக்கம் திரும்பாமல், கையில் இருந்த புத்தகத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டே பேசினார். குரல் உயரவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

"டீச்சரம்மா, நாங்க சையத், நபி வம்சம். எங்களுக்கு ஜகாத் ஆகாது. பட்டினியா கெடந்து செத்தாலும் தொடக்கூடாது. இது நான் வெச்ச சட்டம் இல்ல."

அது ஜகாத்தே இல்லை, நான் தெரியாமல் போட்ட வார்த்தை என்றேன்.

"இருக்கலாம். சனிக்கிழமை சாயந்திரம் பஜார்ல ஒருத்தன் சிரிச்சினே கேட்டான், 'இன்னா பாய், நீங்களும் வரிசைல சேர்ந்துட்டீங்களா?'ன்னு. எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எம் பொண்ணதான் கேட்டேன், வண்டில இன்னா எழுதியிருக்குன்னு. அவதான் சொன்னா."

உள் வாசலில் திரை அசைந்தது. அந்தப் பக்கம் அவள் நிற்கிறாள் என்று தெரிந்தது. நான் கற்றுக்கொடுத்த எழுத்தை எழுத்துக்கூட்டித் தன் அப்பாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

வண்டியில் ஏறும்போதே படித்திருப்பாள். படித்துவிட்டும் வந்து உட்கார்ந்து, பிழையில்லாமல் எழுதிவிட்டுப் போனாள். ஏன்? அதுதான் கடைசி நாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்ததா?

மார்ச் 2, வியாழன்

கன்னியப்பன் வந்து எழுத்துகளை அழித்து, வண்டி முழுக்கப் பச்சை அடித்தான். பிரயோஜனமில்லை. அது பஜாரைத் தாண்டும்போது கடைப் பையன்கள், "டேய், ஜகாத் வண்டி வருது, வழி வுடுங்கடா!" என்று கத்துகிறார்கள். இனி எந்த வர்ணம் அடித்தாலும் அதற்கு இதுதான் பெயர்.

மார்ச் 3, வெள்ளி

இன்று எழுந்திருக்கவே மனமில்லை. ஒன்று ஞாபகம் வந்தது. அதை எழுதிவிட வேண்டும்.

குடியாத்தத்தில் எனக்குப் பதினைந்து வயசு. நெசவாளர் சங்கத்து உதவியில் படித்தேன். வருஷா வருஷம் சங்கத்து ஆண்டுக் கூட்டத்தில் மேடை ஏற்றுவார்கள். "நம்ம பணத்துல படிக்கிற பொண்ணு, நல்லாப் பாத்துக்கங்க" என்று தலைவர் என் தோளைப் பிடித்துத் திருப்பிக் காட்டுவார். கைதட்டுவார்கள். தறிக்காரர்கள் அத்தனை பேர் கண்ணும் என் பாவாடையில் இருக்கும் கிழிசலில் நிற்பது போல இருக்கும். கூட்டம் முடிந்ததும் வாய்க்கால் ஓரம் போய் வாந்தி எடுத்தேன், இரண்டு வருஷமும்.

இது எப்படி எனக்கு மறந்துபோயிற்று? பட்டம் வாங்கினால் மறந்துவிடுமா? கொடுக்கிறவர்கள் பக்கம் போய் நின்றுகொண்டதால் மறந்ததா? நானே அந்தத் தலைவர். நானேதான். தோளைப் பிடித்துத் திருப்பிக் காட்டிவிட்டேன்.

மார்ச் 6, திங்கள்

கலீமுல்லா சாகிபைப் போய்ப் பார்த்தேன். சேதி அவர் காதுக்கு முன்பே போய்விட்டிருந்தது.

"ஏம்மா, பி.ஏ. படிச்சிருக்கீங்கன்னாங்களே? ஜகாத் குடுக்கறவன் போர்டு எழுதி வண்டில ஓட்டுவானா? வலது கை குடுக்கறது எடது கைக்குத் தெரியக்கூடாதுன்னு இருக்கு. என்னய நோன்பு மாசத்துல தமுக்கு அடிக்கறவனா ஆக்கிட்டீங்களே!" அப்புறம் அவரே சற்றுத் தணிந்தார். "அது ஜகாத்தே இல்லம்மா. ஜகாத் ஒரு ஆளு கைல போய்ச் சேரணும். வண்டிக்கெல்லாம் செல்லாது. சின்னப் புள்ளைக்கும் தெரியும் இது. நான் குடுத்தது ஹதியா. பிரியமா குடுக்கறது. சையத் வீட்டுக்கும் செல்லும்."

அதை மஹ்மூத் சாகிபிடம் நீங்களே சொல்ல வேண்டும் என்று கேட்டேன். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன். பதறிப்போய், "சொல்றேன், சொல்றேன், கைய எறக்குங்க" என்றார்.

ஒரு வழி இருக்கிறது. இருக்கிறதா?

மார்ச் 10, வெள்ளி

சாகிப் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஜும்ஆ தொழுகை முடிந்து நாலு பேர் முன்னால் மஹ்மூத் சாகிபிடம், அது ஹதியா என்று சொன்னாராம். ரஃபத் ஜஹான் வந்து சொன்னாள். நான் கேட்டது ஒன்றே ஒன்று: "அதற்கு அவர் என்ன சொன்னார்?"

"'நீங்க சொன்னா நான் நம்பறேன் பாய். பஜாருக்கு யார் சொல்றது?' அவ்ளோதான் அக்கா. சலாம் சொல்லிட்டுப் போய்ட்டாராம்."

மார்ச் 15, புதன்

இரண்டு தாயார்கள் பெண்களைத் திரும்பவும் அனுப்பச் சம்மதித்தார்கள். ஆனால் அந்த வண்டியில் இல்லையாம். வேறு வண்டியிலும் இல்லையாம். எந்த வண்டி போனாலும் அதுதான் என்பார்களாம்.

சுந்தரியின் அம்மா பூங்காவனம் தோல் ஷெட்டில் வேலை முடிந்து மகளைக் கூட்டிப் போக வந்தாள். நான் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது! வண்டில வந்தாலும் மானம் போவுது, நடந்து வந்தாலும் மானம் போவுது. எம் பொண்ணு தெனம் நடந்துதான் வர்றா, அவ மானத்தப் பத்தி எவனாவது கேட்டானா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வண்டிக்காக மூன்று மாதம் அலைந்தபோது, சுந்தரி தினமும் எவ்வளவு தூரம் நடக்கிறாள் என்று நான் கேட்டதில்லை.

மார்ச் 21, செவ்வாய்

ரம்ஜான் முடிந்தது. ரஃபத் ஜஹான் சேமியா கொண்டுவந்தாள். பாத்திரத்தைக் கீழே வைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். கர்நூலில் பக்ருன்னிசாவுக்கு இடம் பார்த்தாயிற்று. மாப்பிள்ளைக்கு அத்தர் கடை. பஜார் பேச்சு அந்த ஊர் வரைக்கும் போவதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று அவசரம். ஏப்ரல் பதினாறு.

பரீட்சைக்கு ஆறு நாள் கழித்து. அப்படியானால் பரீட்சை எழுதிவிட்டே போகலாமே? எழுதட்டும், அதற்கப்புறம் எங்கே வேண்டுமானாலும்... "கேட்டுப் பாரு ரஃபத், நீ கேட்டுப் பாரு" என்றேன். சேமியாவை இவர்தான் சாப்பிட்டார்.

மார்ச் 29, புதன்

ஹால் டிக்கெட் வந்தது. 'எம். பக்ருன்னிசா' என்று சுத்தமாக அச்சில். ரஃபத் ஜஹானிடம் கொடுத்தனுப்பினேன்.

மார்ச் 30, வியாழன்

திரும்பி வந்துவிட்டது. "டீச்சர்கிட்டயே இருக்கட்டும்" என்று அவள் சொன்னாளாம். அப்படியென்றால் என்ன? பரீட்சை அன்று வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றா? இனி வேண்டாம் என்றா? "எந்தக் குரலில் சொன்னாள்?" என்று ரஃபத்தைப் பிடித்து உலுக்கிக் கேட்டேன். "மெதுவாதான் அக்கா, எப்பவும் பேசற மாதிரிதான்" என்றாள்.

ஏப்ரல் 8, சனி

மஹ்மூத் சாகிப் கடை மூடியிருக்கிறது. கல்யாண வேலை. கதவைத் தட்டினேன். உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் நின்றது. யாரும் திறக்கவில்லை. மறுபடி தட்டினேன். இன்னும் எத்தனை தடவை தட்டியிருப்பேனோ தெரியாது. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து, "அம்மா, போதும்மா, போங்க" என்றார்.

போனேன்.

ஏப்ரல் 10, திங்கள்

எட்டரை மணிக்கே பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றேன். ஹால் டிக்கெட்டைப் புடவைத் தலைப்பில் முடிந்திருந்தேன். வெயில். புர்கா போட்ட ஒவ்வோர் உருவமும் அவள்தான். நடை தெரியும் எனக்கு, அப்படியும் ஒவ்வொன்றும் அவள்தான்.

பத்து மணிக்கு மணி அடித்தது. மேற்பார்வைக்கு வந்த அம்மாள் நல்லவள். "இன்னும் கொஞ்சம் பாக்கலாம்மா" என்று கால் மணி நேரம் எனக்காக வாசற்கதவை மூடாமல் வைத்தாள். அப்புறம் மூடினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டாவது வரிசையில் டெஸ்க்கின் மேல் சாக்கட்டியால் அவள் எண். யாரோ அதற்கு நேரே கேள்வித்தாளையும் வைத்துவிட்டிருந்தார்கள். காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளை எழுந்து வந்து, அது பறக்காமல் இருக்க மைக்கூட்டை மேலே வைத்துவிட்டுப் போயிற்று.

பின்னக் கணக்கு இரண்டு வந்திருந்ததாம்.

ஏப்ரல் 16, ஞாயிறு

அழைப்பு இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. மாலை மெயிலில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறினார்கள் என்று இவர் வந்து சொன்னார். "உன்னைப் பார்க்கணும்னு திரும்பித் திரும்பிப் பார்த்தா" என்றார். பொய். புர்காவுக்குள் யார் எங்கே பார்க்கிறார்கள் என்று இவருக்கு எப்படித் தெரியும்? எனக்காகச் சொன்ன பொய். ஆனாலும் இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

மே 4, வியாழன்

வண்டியைக் கலீமுல்லா சாகிப் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். கொடுத்ததைத் திருப்பி வாங்கும் பழக்கமில்லை என்றார். அதற்குப் பதிலாக ரஃபத் ஜஹான் வீட்டுச் சுவரைக் கட்டித் தரலாமா என்று நானே கேட்டேன். யாருக்கும் தெரியாமல். "இப்பதான் கேக்கத் தெரிஞ்சிருக்கு" என்றார் சாகிப்.

கொஞ்சம் செங்கல், கொஞ்சம் சுண்ணாம்பு. இதை நவம்பரிலேயே கேட்டிருக்கலாம். பெண்களை ஊர்வலமாக என் வீட்டுக்கு வரவழைக்க வேண்டும் என்று ஏன் நினைத்தேன்? நான் நடந்து போனால் ஆகாதா? யாரும் சொல்லவில்லையே என்று எழுதப் போனேன். சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் 19, திங்கள்

ரஃபத் ஜஹான் வீட்டில் வகுப்பு. நான்கு பேர். சுந்தரியும் நானும் சேர்ந்து நடந்து போகிறோம். ஒன்றேகால் மைல். அவள் வேகமாக நடப்பாள். எனக்கு மூச்சு வாங்குகிறது.

ஜூலை 11, செவ்வாய்

ஐந்து பேர்.

மஹ்மூத் சாகிபை வழியில் பார்த்தேன். பார்வையைத் தாழ்த்திக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார். மரியாதைதான். மரியாதை மட்டும்தான்.

செப்டம்பர் 12, செவ்வாய்

கர்நூலிலிருந்து தபால் கார்டு. தமிழில். எழுத்தைப் பார்த்ததும் அவள்தான் என்று தெரிந்துவிட்டது. சுழி எல்லாம் அப்படியே இருக்கிறது, 'ழ'வுக்கு மட்டும் கால் சற்று நீளம், எப்போதும் போல.

சௌக்கியமாம். மாமியார் நல்லவராம். "இங்கே இந்த எழுத்தைப் படிக்கிறவர்கள் ஒருவரும் இல்லை. அதனால் எது வேண்டுமானாலும் எழுதலாம்" என்று எழுதியிருக்கிறாள். அதற்குக் கீழே இரண்டு விரல் அளவுக்கு வெற்றிடம். என்ன எழுத நினைத்து எழுதாமல் விட்டாளோ. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

வெற்றிடத்துக்குக் கீழே: "எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ஒன்று வேண்டும். வரும் மார்ச்சில் தாய் வீட்டுக்கு வருவேன். மனு எந்த மாதம் போட வேண்டும்? வீட்டில் கேட்டேன், சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. புத்தகத்தைச் சும்மா அனுப்பக்கூடாது டீச்சர். வி.பி.பி.யில் அனுப்புங்கள். தபால்காரரிடம் பணம் கொடுத்து வாங்கிக்கொள்வேன்."

என் அலமாரியில் அந்தப் புத்தகம் நாலு பிரதி இருக்கிறது. ஒன்றை எடுத்துத் தூசி தட்டி, மடங்கிய மூலைகளை நீவிக்கூட வைத்துவிட்டேன். அப்புறம் திரும்ப உள்ளே வைத்தேன். கடையில் புதிதாக ஒன்று வாங்க வேண்டும், பில்லோடு. கூடவே ஒரு நோட்டும் இரண்டு பென்சிலும் சேர்த்துக் கட்டலாம் என்று மனசு ஓடுகிறது. கூடாது. கேட்டது ஒரு புத்தகம். முழு விலை போட வேண்டும், தபால் செலவும் சேர்த்து. ஒரு நயா பைசா குறைத்துப் போட்டாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

தபால் ஆபீஸ் ஒன்பதரைக்குத் திறக்கிறது.